தோற்றவரின் நன்றிப் பயணம்

எங்கள் வீட்டில் அவர் முதல் முறை சாப்பிட்டுவிட்டுப் போன மறுநாள் காலை தொலைபேசியில் அழைத்தார். என் மனைவி எடுத்தாள். "நேத்து சாப்பாட்டுக்கு ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவள் போனைக் கையில் பிடித்தபடியே என்னிடம் வந்தாள்.

"என்னங்க, குழம்புல ஏதாவது தப்பாயிருச்சா? நன்றிங்கிறாரு."

எங்கள் பக்கத்தில் நன்றி என்பது மேடையில் கடைசி ஆளாக வருகிறவர் சொல்வது. அதைக் கேட்கும்போது பாதிக் கூட்டம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். வத்தக்குழம்புக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

அவர் எல்லாவற்றுக்கும் சொன்னார். பேருந்திலிருந்து இறங்கும்போது ஓட்டுநருக்குச் சொல்வது ஆக்லாந்தில் எல்லோருக்கும் பழக்கம்தான். அவர் இறங்கிய பிறகும் நின்று, கதவு மூடும்வரை கையை உயர்த்தியிருப்பார். மவுண்ட் ரோஸ்கில்லில் அவர் வீட்டுக் குப்பைத் தொட்டியை எடுக்க வரும் லாரிக்கும் அதே கை. இந்த நாட்டுக்கு வந்து பிடித்துக்கொண்ட பழக்கம் என்று நான் நினைத்திருந்தேன். அவருடைய மனைவி திருத்தினார். அந்த அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், மருத்துவமனையில் நர்ஸ்.

"இஞ்ச வந்து பிடிச்சதில்லைத் தம்பி. தாலி கட்டி முடிஞ்சவுடன எனக்குத் தாங்ஸ் எண்டு சொன்னவர். ஐயரே திரும்பிப் பார்த்தவர்."

"தப்பா? அவ ஒத்துக்கிட்டதுக்குச் சொன்னேன்" என்றார் அவர்.

"ஓம், இப்ப யோசிச்சா சொல்ல வேண்டியதுதான்" என்றார் மனைவி.

அவருக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஒல்லியான ஆள். நகர மையத்தில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை. சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம், மழை பார்த்து விதைக்கிற வட்டாரம். அந்தப் பக்கத்துப் பழக்கம் ஒன்றை அவர் கைவிடவில்லை. பெரிய பொறுப்பில் இருப்பவர் யாரையாவது பார்க்கப் போனால் சட்டைப் பையில் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். அதை இரண்டு கையாலும் கொடுப்பார். அவர் சேர்ந்திருந்த கட்சியின் அலுவலகத்தில் அமைப்பாளரிடமும் அப்படித்தான் கொடுத்தார். அந்த வெள்ளைக்காரர் சந்தோஷமாக வாங்கி, அங்கேயே நறுக்கித் தன் தேநீரில் பிழிந்துகொண்டார்.

கட்சியின் பெயர் இங்கே தேவையில்லை. இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்று. ஆக்லாந்துக்குத் தெற்கே, பாம்பே குன்றைத் தாண்டிப் போனால் வருகிற கிராமத் தொகுதிகளில் ஒன்றில் அந்தக் கட்சி ஜெயித்ததாக யாருக்கும் நினைவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு பெயரைப் போட்டாக வேண்டும். கூட்டத்தில் யார் நிற்கிறீர்கள் என்று கேட்டபோது எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். இவர் அமைப்பாளரைப் பார்த்திருக்கிறார். முடிந்தது.

"உங்களுக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும்?" என்று அவர் மனைவி கேட்டார்.

"எங்க வீட்ல மாடு இருந்துச்சு."

"எத்தினை?"

"ஒண்ணு."

அமைப்பாளர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அங்கே போய் அலைய வேண்டாம், வாக்குச்சீட்டில் பெயர் இருந்தால் போதும், கட்சிக்கான வாக்குதான் முக்கியம். இங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு, கட்சிக்கு ஒன்று, தொகுதி வேட்பாளருக்கு ஒன்று. அவர் தலையாட்டிவிட்டு, வேலையில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, முழங்கால்வரை வருகிற ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கினார்.

மதுரையில் நான் நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்தவன். தேர்தல் பக்கம் பல முறை என் கையில் வந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில், வேடிக்கை பார்க்கலாம் என்று அவருடன் காரில் போக ஆரம்பித்தேன். வேடிக்கை ஒன்றும் இருக்கவில்லை. நீண்ட சாலை, ஈரப் புல், ஒரு வாயிற்கதவு. அதைத் திறந்து, உள்ளே போய், மறுபடி மூட வேண்டும். அதற்குள் நாய் வந்துவிடும். வீட்டுக்காரர் பின்னால் வந்து நாயைக் கூப்பிடுவார். இவர் துண்டறிக்கையை நீட்டுவார். பெரும்பாலும் இரண்டு நிமிடம் வானிலை பேசுவார்கள். கிளம்பும்போது இவர், "உங்கள் நேரத்துக்கு நன்றி" என்பார்.

ஒருவர் தன் வேலியில் இவருடைய படம் போட்ட பலகையை வைக்க அனுமதித்தார். எனக்கு ஆச்சரியம். "உனக்குப் போடமாட்டேன். ஆனால் அந்த இடத்தில் காற்று அதிகம். பலகை இருந்தால் கன்றுகளுக்கு நல்லது" என்று அந்த விவசாயி விளக்கினார். இவர் அவருக்கும் நன்றி சொன்னார். திரும்பி வரும்போது, "தம்பி, ஏதோ ஒரு வகையில பிரயோஜனம்ல?" என்றார்.

அந்தத் தொகுதியின் ஓரத்தில் ஒரு சின்ன ஊர். ஊர் என்றால் ஒரு பள்ளி, ஊர்க்கூட்டம் நடக்கிற ஒரு ஹால், ஒரு பெட்ரோல் நிலையம், சுற்றிலும் பால் பண்ணைகள். அங்கே ஒரு பண்ணையில் பால் கறக்கும் கொட்டகையிலிருந்து வெளியே வந்தவர் எங்களைப் பார்த்து நின்றுவிட்டார். தேனிப் பக்கத்துக்காரர். மனைவி, கைக்குழந்தையுடன் பண்ணைக்குள்ளேயே ஒரு வீட்டில் இருந்தார். வேலை விசா. ரெசிடென்ஸ், அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, வாங்க முயன்றுகொண்டிருந்தார், அதற்கு முதலாளியின் ஆதரவு வேண்டும். தமிழ் பேசி நாளாகிவிட்டது என்று விடாமல் பேசினார். முதலாளி வீட்டு முன்னால் இருந்த எலுமிச்சை மரத்தைப் பார்த்துவிட்டு வேட்பாளர், "என்னப்பா, இப்படிக் காய்க்குது" என்றார். "யாரும் தின்ன மாட்டாய்ங்கண்ணே, கீழ கொட்டிக் கிடக்கும்" என்றார் தேனிக்காரர். பிறகு இருவரும் காரில் இருந்த தேர்தல் பலகை ஒன்றை நிறுத்தி, அதன் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். நான்தான் எடுத்தேன். வேட்பாளர் அதை அன்றைக்கே பேஸ்புக்கில் போட்டார்.

தேர்தலில் எதிர்பார்த்ததுதான் நடந்தது. எதிர்க்கட்சிக்காரர் வழக்கம்போல் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆக்லாந்துத் தமிழர்கள் இவரிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "டெபாசிட் வந்துச்சா?" வந்தது. அதற்கு மேல் யாருக்கும் ஆர்வம் இல்லை.

அவருக்கு இருந்தது. இந்த நாட்டில் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எவ்வளவு விழுந்தது என்று தனித்தனியாக வெளியிடுவார்கள். நாளிதழ்க்காரன் கண் மேலேதான் போகும்: ஜெயித்தவர், வித்தியாசம். அவர் ஒவ்வொரு ஊராகப் படித்தார். அந்தப் பால் பண்ணை ஊரின் ஹாலில் இருந்த சாவடிக்கு வந்ததும் நின்றார். அங்கே அவருக்கு ஒரே ஒரு வாக்கு விழுந்திருந்தது.

"ஒருத்தர் போட்ருக்காங்க தம்பி" என்றார்.

"ஒருத்தர்தான் போட்ருக்காங்க அண்ணா."

"அதத்தான் சொல்றேன். மத்த ஊர்ல பத்துப் பேர், இருபது பேர். கூட்டத்தோட போடலாம். இங்க ஒத்தை ஆளா போட்ருக்காங்க."

அடுத்து அவர் செய்ததை அந்தத் தொகுதி அதற்கு முன் பார்த்ததில்லை. நன்றி சொல்லக் கிளம்பினார். நம் ஊரில் ஜெயித்தவர்கள் திறந்த ஜீப்பில் வந்து கும்பிட்டபடி போவார்கள். தோற்றவர் போவதில்லை. "எங்க தொகுதியில தோத்தவன் மூஞ்சிய அடுத்த தேர்தல்லதான் பார்க்கலாம். ஓட்டுப் போட்டவன் அதுவரைக்கும் குத்தவாளி மாதிரி இருக்கணும்" என்று அவர் சொல்வார். சனிக்கிழமைகளில் ஊர் ஊராகப் போனார். கதவைத் திறந்தவர்கள் திகைத்தார்கள். "தேர்தல் முடிந்துவிட்டதே, தெரியாதா?" என்று ஒருவர் உண்மையான கவலையுடன் கேட்டார். சிலர் சிரித்தார்கள். சிலர் தேநீர் கொடுத்தார்கள். கன்றுகளுக்காகப் பலகை வாங்கியவர், இவர் அதைத் திரும்பக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, தர மறுத்தார்.

கடைசியாக வைத்திருந்தது அந்த ஒற்றை வாக்கு ஊர். பள்ளிப் பிள்ளைகள் தாங்கள் வளர்த்த ஆட்டுக்குட்டிகளையும் கன்றுகளையும் ஹாலுக்குக் கொண்டுவந்து காட்டும் நாள் ஒன்று உண்டு. அன்றைக்கு ஊர் முழுவதும் வரும். ஹால் குழுவுக்கு எழுதிக் கேட்டார். தாராளமாக வாருங்கள், இரண்டு நிமிடம் பேசலாம் என்று பதில் வந்தது. குழுவின் தலைவர் தேனிக்காரரின் முதலாளி.

அதற்கு முந்தைய வாரம் வேட்பாளர் வீட்டில் நான் இருந்தபோது தேனிக்காரர் அழைத்தார். இவர் போனை ஒலிபெருக்கியில் போட்டார்.

"அண்ணே, நீங்க வர்றதா சொன்னாங்க. வேணாம்ணே."

"ஏன்ப்பா?"

"அந்த ஒத்தை ஓட்டு நாந்தேன்னு எல்லாரும் சொல்றாய்ங்க. அந்த போட்டோவ வேற பாத்துட்டாய்ங்க. பப்புல போனா, உன் ஆளு தோத்துட்டாரேங்கிறாய்ங்க. எனக்கு ஓட்டே கிடையாது, வேலை விசால இருக்கேன்னு சொன்னா, ஆமாமான்னு சிரிக்கிறாய்ங்க."

"முதலாளி என்ன சொல்றாரு?"

"அவரு ஒண்ணுஞ் சொல்லலண்ணே. அதேன் பயமா இருக்கு. பேப்பர் அவரு மேசைல கிடக்கு. இன்னும் கையெழுத்துப் போடல."

அவர் உடனே சொன்னார்: "நான் வந்து எல்லார் முன்னாடியும் சொல்லிடுறேன். உனக்கு ஓட்டுரிமையே இல்ல, நீ போட்டிருக்க முடியாதுன்னு. முடிஞ்சது."

அடுப்பருகே நின்ற மனைவி திரும்பினார்.

"அப்ப போட்டது ஆர்?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாது. அவையளுக்குத் தெரிஞ்சிடும். இவர் இல்லையெண்டா மிச்சம் இருக்கிறது அந்த ஊர்ச் சனம்தானே. ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்ப்பினம். நீர் போட்டீரோ, உம்மட மனிசி போட்டவவோ எண்டு கதைப்பினம். ஒராளைக் காப்பாத்தப் போய் இன்னொராளைக் காட்டிக் குடுத்திட்டு வருவீங்களோ?"

"இது நியூசிலாந்து. கேலி பண்ணுவாங்க, அவ்வளவுதான். யாரும் யாரையும் ஒண்ணும் செய்யமாட்டாங்க."

"செய்யமாட்டினம். ஆனா அந்த ஆள் அடுத்த முறை போடாது." அக்கா அடுப்பை அணைத்தார். "எங்கட ஊரில வோட்டு எண்ணி முடிச்ச பிறகுதான் பயம் தொடங்கும். உங்களுக்கு அது விளங்காது. உங்கட ஊரில வோட்டுப் போட்டிட்டு விரலைத் தூக்கிக் காட்டிப் படமெடுக்கிற நீங்கள்."

போனில் தேனிக்காரர் இன்னும் இருந்தார். "அண்ணே?" என்றார். "வச்சிடுப்பா, கூப்பிடுறேன்" என்று சொல்லி இவர் போனை அணைத்தார். போகாமல் விட்டால் தேனிக்காரர் மேல் இருக்கும் பேச்சு அப்படியே இருக்கும். போய் மறுத்தால் வேறொருவர் மேல் திரும்பும். சனிக்கிழமை காலை கார் என் வீட்டு வாசலில் வந்து நின்றது. பூட்ஸ் பின்னால் கிடந்தது.

ஹாலுக்கு வெளியே புல்வெளியில் பிள்ளைகள் ஆட்டுக்குட்டிகளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குட்டிகளின் கழுத்தில் ரிப்பன். ஒரு பக்கம் தட்டையான அடுப்பில் சாசேஜ் வாட்டினார்கள். தேனிக்காரர் கூட்டத்தின் பின்னால் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்களைத் தெரியாதவர் போல் நின்றார். முதலாளி உயரமான, அதிகம் பேசாத மனிதர். இவரைப் பேச அழைக்கும்போது பெயரைச் சரியாக உச்சரிக்க முயன்று, இரண்டாம் முறையில் உச்சரித்தார்.

இவர் பேசியது ஏறக்குறைய இவ்வளவுதான்.

"இந்த ஹாலில் எனக்கு ஒரு வாக்கு விழுந்தது. அது யாருடையது என்று இங்கே ஒரு விளையாட்டு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். என் சொந்த நாட்டில் ஒருவருக்கு ஒரு வாக்குச்சாவடிதான். எண்ணி முடித்ததும் எந்தத் தெரு கைவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் நானும் இதைத் தப்பாகப் படித்துவிட்டேன். இங்கே தொகுதியில் பதிவு செய்த எவரும் தொகுதியில் எங்கே வேண்டுமானாலும் வாக்களிக்கலாம். வாக்குப்பதிவு அன்றைக்கு வெயில் நன்றாக இருந்தது. கடற்கரைக்குப் போகிற வழியில் யாரோ இங்கே காரை நிறுத்தியிருக்கிறார்கள். ஆகவே இந்த ஊரில் எனக்கு யாரும் வாக்களிக்கவில்லை. நன்றி சொல்ல வந்தேன், சொல்ல ஆள் இல்லை. ஆட்டுக்குட்டிகளைப் பார்த்துவிட்டுப் போகிறேன்."

முதலில் சிரிப்பு, பிறகு கைத்தட்டல். கேலி செய்தவர்களில் ஒருவர் தேனிக்காரரின் முதுகில் தட்டி ஏதோ சொன்னார். முதலாளி அந்தப் பக்கம் திரும்பி, "அப்படியென்றால் அது நீ இல்லையா?" என்று சத்தமாகக் கேட்டார். "நான்தான் முதல்லயே சொன்னேனே" என்று தேனிக்காரர் ஆங்கிலத்தில் சொன்னார். முதலாளியும் சிரித்தார். நான் அவரை அன்றைக்கு ஒரு முறைதான் சிரித்துப் பார்த்தேன்.

வேட்பாளர் சொன்ன விதி உண்மை. அது அவருக்கு முன்பே தெரியும். வேட்பாளர்களுக்குத் தரும் கையேட்டிலேயே இருக்கிறது. அன்றைக்கு வெயில் அடித்ததா என்று எனக்கு நினைவில்லை.

நாங்கள் காரில் ஏறியதும் ஒரு பெண்மணி புல்வெளியைக் கடந்து வந்தார். அதுவரை ஹாலுக்குள் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். முதலாளியின் மனைவி. கையில் ஒரு துணிப்பை. சன்னல் வழியாக அதை வேட்பாளர் மடியில் வைத்தார். "வீட்டு மரம். நிறையக் கிடக்கிறது" என்றார். இரண்டு கையாலும் வைத்தார். பை கனமாக இருந்ததால் இருக்கலாம். உள்ளே எலுமிச்சம்பழங்கள்.

வசந்த காலத்தில் இந்த நாட்டில் யாரும் யாருக்கும் ஒரு பை எலுமிச்சை கொடுப்பார்கள். அது எதற்கும் சாட்சி ஆகாது. செய்தியாக வந்திருந்தால் நான் வெட்டியிருப்பேன்.

நன்றி சொல்ல அவர் வாய் திறந்தது. அந்த அம்மாளுக்குப் பின்னால் ஹால் வாசலில் நாலைந்து பேர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், முதலாளியும் அதில் இருந்தார். இவர் வாயை மூடிக்கொண்டார். வெறுமனே தலையை அசைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். குப்பை லாரிக்குக் கை தூக்குகிறவர், ஒரு பை பழத்தை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போனார். அந்த அம்மாள் அவரை மரியாதை தெரியாத ஆள் என்று நினைத்திருக்கலாம்.

பாம்பே குன்று ஏறும்போது நான் கேட்டேன்.

"என்ன அண்ணா, நன்றி சொல்லலையே?"

"யாருக்கு?" என்றார்.

தேனிக்காரரின் விண்ணப்பத்தில் முதலாளி கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு ரெசிடென்ஸ் வந்தது. அந்தச் சனிக்கிழமை இல்லாவிட்டாலும் கையெழுத்திட்டிருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. வேட்பாளரும் அவர் மனைவியும் சில வருடங்களில் மகள் இருக்கும் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். கிளம்பும் முன் என்னைக் கூப்பிட்டு, கூட வந்ததற்கு நன்றி என்றார். அவர் மறுபடி எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலை நாங்கள் மவுண்ட் ரோஸ்கில் வீட்டுக்குத் திரும்பியதும் அவர் பையைச் சமையலறை மேடையில் வைத்தார். மனைவி எட்டிப் பார்த்தார்.

"ஆர் தந்தது?"

"வர்ற வழியில கடையில வாங்கினேன்."

அக்கா ஒரு பழத்தை எடுத்தார். காம்பும் இரண்டு பச்சை இலையும் அதில் இன்னும் இருந்தன. அடியில் கொஞ்சம் மண். பையைத் திருப்பிப் பார்த்தார், வீட்டில் தைத்த பை. அவரைப் பார்த்தார். அவர் பூட்ஸைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

"நல்ல கடை" என்று சொல்லிவிட்டு, அக்கா இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போட்டார்.